நுரையிற் பிறந்த மருந்துகள்

மன்னார்த் தீவிலே, பள்ளிமுனை போன்ற கரையோர ஊர்களில் வாழ்வோர்க்குப் பனையின் இயல்பு புதிதன்று. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கும் கருப்பநீர் இனிமை குன்றாதிருக்கிறது. தடவாத முட்டியிலோ சில மணி நேரத்துள் நுரை பொங்குகிறது. மதுவம் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சிதைத்து மதுசாரமாக்குவதே இந்நொதித்தல். இதற்குப் பொஸ்பேற்று இன்றியமையாதது என்பதை இங்கிலாந்தில் ஆதர் ஹாடன் என்னும் அறிஞர் கண்டறிந்தார். அப்பொஸ்பேற்றின் தடம்பற்றி உயிரின் ஆற்றலைத் தேடிச் சென்றவர்களுள் ஒருவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 இல் ஆந்திர நாட்டுப் பீமவரத்திற் பிறந்த இவர், மெற்றிக்குலேஷன் பரீட்சையில் மூன்றாம் முறையே தேறினார். பரீட்சையில் தவறியதும் மனமுடையும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக. சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்றபோது கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, முழுப் பட்டமின்றி வெளியேறினார். ஸ்புரூ என்னும் கொடிய குடல்நோய் உடன்பிறந்தாரைப் பறித்தது, இவரையும் வாட்டியது. அந்நோயை வெல்லும் வேட்கையே இவரைக் கடல் கடக்கச் செய்தது எனலாம்.

அமெரிக்காவில் மருத்துவமனையொன்றில் இரவுப் பணியாளராக உழைத்துக்கொண்டே ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கற்றார். பொஸ்பரசை அளக்கும் முறையொன்றை 1925 இல் பிஸ்க் என்பாருடன் வெளியிட்டார். மதுவம் முதல் மனிதத் தசை வரை ஆற்றலைக் கைமாற்றும் ஏரீபீ என்னும் பொருளை 1929 இல் இருவரும் அறிவித்தனர். அதே ஆண்டில் ஜேர்மனியில் லோமனும் அதனை அறிவித்தார். ஆயினும் ஹாவார்ட் இவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை.

1940 இல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். நுண்ணுயிர்களை நொதிக்கச் செய்த கரைசலிலிருந்தும் இவர் குழுவினர் போலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். 1945 இல் அதனைச் செயற்கையாகவும் ஆக்கினர். தம்மை வாட்டிய ஸ்புரூ நோய்க்கே அது மருந்தாயிற்று! மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து டகர் என்பார் கண்ட ஓரியோமைசின் 1948 இல் வெளிவந்ததும் இவர் தலைமையிலேயே. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அக்குழுவின் ஆக்கமே. அம்மருந்தையும் பயன்படுத்திய நம் இலங்கை, 2016 இல் அந்நோயை ஒழித்த நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது.

1948 ஆகஸ்டில், 53 ஆம் வயதில், சுப்பாராவ் காலமானார். இவர் பெயரைப் பாமரர் அறியார். இவர் மருந்துகளோ உலகெங்கும் வீடுகளை அடைந்தன. புகழை நாடாது உழைத்த இப்பெரியாரின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது நமது கடமையாகும்.