சிவந்ததெல்லாம் படாக் அல்ல

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பக் கூடாது என்பது பெரியவர்கள் வாக்கு. மர வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகள் கண்ட நாம் அதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம்: சிவந்ததெல்லாம் படாக் அல்ல.

மளிகைக்காரர்கள் படிக்கும் இதழில் மரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் நினைக்கலாம். கடையைப் புதுப்பிக்கும்போது கல்லா மேசை, அலமாரி, கதவு என்று பெரும் பணம் மரத்தில்தான் போகிறது. வாடிக்கையாளர் கண்ணில் படும்படி சிவப்பாக ஒரு மரம் வேண்டும் என்று கேட்டு வரும் வணிகர்கள் இப்போது அதிகம். அவர்களிடம் படாக் என்ற பெயரைச் சொல்லி ஒன்றுக்கு இரண்டாக விலை வாங்குவோரும் உண்டு. ஆகவே இந்த மரத்தைப் பற்றி நாம் அறிந்ததை நமது உறுப்பினர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

படாக் எந்த ஊர் மரம்?

நம் ஊர் வேங்கை, ஆந்திராவின் செம்மரம், படாக் ஆகிய மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. தாவர நூலார் இந்த இனத்துக்கு டெரோகார்ப்பஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிறகுள்ள காய் என்று பொருள். விதையைச் சுற்றி அப்பளம் போல மெல்லிய வட்ட விளிம்பு இருப்பதால் இந்தப் பெயர்.

படாக்கில் முக்கியமானவை மூன்று. ஒன்று அந்தமான் படாக். அது அந்தமான் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. அந்தமான் நிக்கோபார் பகுதியின் மரமும் அதுவே. இரண்டாவது பர்மா படாக். மூன்றாவது ஆப்பிரிக்கப் படாக். கேமரூன், காபோன், காங்கோ நாடுகளின் காடுகளில் வளர்வது. மூன்றிலும் நிறம் மிகப் பளிச்சென்று இருப்பது ஆப்பிரிக்க மரம்தான்.

அந்தமான் மரத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. ஆங்கிலேயர்கள் 1883-இல் போர்ட் பிளேர் அருகே சாத்தம் தீவில் மர அறுவை ஆலை அமைத்தார்கள். (அந்த ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.) இரண்டாம் உலகப் போரில், 1942-இல், ஜப்பானியர் குண்டுக்கும் ஆளான ஆலை அது. அந்தமான் மரம் கப்பலேறிக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்தது. கடல் கடந்து ஐரோப்பா, அமெரிக்கா வரைக்கும் போனது. இந்த வரத்துக்கு 2002-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. தீவுகளின் இயற்கைக் காட்டு மரங்களை வெட்டி வெளியே அனுப்பத் தடை வந்தது. ஆகவே புதிதாக அறுத்த பலகையைக் காட்டி அந்தமான் படாக் என்று ஒருவர் சொன்னால், எப்படி வந்தது என்று கேட்பது நமது கடமை.

நிறத்தின் குணம்

புதிதாக இழைத்த ஆப்பிரிக்கப் படாக் பலகையைப் பார்த்தால், செங்கரும்பும் மஞ்சளும் கலந்து வைத்தது போல ஆரஞ்சு கலந்த சிவப்பாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த நிறம் நிலையானதல்ல. வெளிச்சமும் காற்றும் பட்டுச் சில மாதங்களில் செங்கல் நிறமாகும். ஆண்டுகள் செல்லச் செல்ல அடர்ந்த பழுப்புக்கு வந்துவிடும். வெயில் நேராக விழும் இடத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இது மரத்தின் குற்றமல்ல. வற்றல் மிளகாய் மூட்டையை வெயிலிலும் வெளிச்சத்திலும் போட்டு வைத்தால் நிறம் இறங்குவது நமக்குத் தெரியாததா? அதே கதைதான். வெளிச்சத்தைத் தாங்கும் வார்னிஷ் அடித்தால் மாற்றம் தாமதப்படும், தடுக்க முடியாது. முகப்புக் கதவுக்குச் சிவப்பை நம்பிப் படாக் போடுவது வீண். இழுப்பறைக்கும் உள் அலமாரிக்கும் போட்டால் நிறம் நெடுநாள் நிற்கும்.

நிலைத்து நிற்கும் குணங்கள்

நிறம் போனபின் என்ன மிச்சம் என்று கேட்டால், நல்ல மரம் முழுவதும் மிச்சம். காய்ந்த ஆப்பிரிக்கப் படாக் ஒரு கன அடி சுமார் 21 கிலோ எடை இருக்கும். தேக்கு சுமார் 18½ கிலோ. தேக்கைவிடக் கனமும் கடினமும் கூடுதல். ஆனாலும் காயும்போது சுருங்குவது ஏறக்குறைய தேக்கின் அளவுதான். மழைக்காலத்தில் உப்பிக் கதவு பிடிப்பதும் கோடையில் சுருங்கி இடைவெளி விடுவதும் இதில் குறைவு. வைரப் பகுதியைக் கறையானும் எளிதில் அண்டாது, உளுப்பும் எளிதில் பிடிக்காது.

வைரத்தைச் சுற்றி வெளிறிய பகுதி ஒன்று உண்டு. அதற்கு இந்தப் பலம் கிடையாது, வண்டு துளைக்கும். பலகையின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் அதைக் கழித்தே அளவு போடச் சொல்ல வேண்டும்.

அறுக்கவும் இழைக்கவும் கடைசல் பிடிக்கவும் படாக் ஒத்துழைக்கும். தட்டினால் நல்ல நாதம் வரும். மேல்நாட்டில் குச்சியால் தட்டி வாசிக்கும் சைலோபோன், மரிம்பா வாத்தியங்களின் கட்டைகளை ஆப்பிரிக்கப் படாக்கில் செய்வது இதனால்தான். தரைக்கட்டை, கத்திப்பிடி, கிண்ணம், பேனா, பேழை என்று பல வேலைகளுக்கும் ஆகும். காங்கோ பக்கத்து மக்கள் இதுபோன்ற மரத்தை அரைத்து உடம்புக்கும் துணிக்கும் சிவப்புச் சாயமாகப் பயன்படுத்தியது பழைய வழக்கம்.

ஆசாரியிடம் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லி வையுங்கள். உப்புத்தாள் போடும்போது பறக்கும் செந்தூள் தும்மலும் தோல் அரிப்பும் தரும். மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்யட்டும். அடுத்து, இந்த மரத்தின் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். அரக்குப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால், பக்கத்தில் பதித்த வெள்ளை மரத்துக்குச் சிவப்பு ஏறிவிடும். தூளை நன்றாகத் துடைத்து, வெள்ளை மரத்துக்கு முதலில் ஒரு கை பாலிஷ் கொடுத்து மூடிய பிறகே படாக்கைத் தொட வேண்டும்.

ஏமாறாமல் வாங்குவது எப்படி?

எமக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவர், வட்டிக்குக் கடன் வாங்கிக் கடையைப் புதுப்பித்தார். படாக் விலை கொடுத்து அலமாரியும் கல்லா மேசையும் வாங்கினார். முதல் மழைக்காலத்தில் ஈரத்துணியால் துடைத்தபோது துணி சிவந்தது. பிறகு கீழ்த்தட்டில் வைத்த சர்க்கரை மூட்டையின் அடியும் சிவந்தது. ஆசாரியை அழைத்து ஓரத்தை இழைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மரம். விற்றவரிடம் போனார். பில்லில் "மரச்சாமான் ஒரு செட்" என்று மட்டும் எழுதியிருந்தது. படாக் என்ற சொல்லே இல்லை. நான்கு பேர் சேர்ந்து பேசியும் பிடி கிடைக்கவில்லை. சாமான் நிற்கிறது, கடன் தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

இந்த நிலை இன்னொருவருக்கு வராதிருக்க, வாங்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

முதலாவது, கண் முன்னே ஓரிடத்தில் இழைக்கச் சொல்லுங்கள். நல்ல படாக் மேலே பழுத்துக் கருத்திருந்தாலும் இழைத்தவுடன் உள்ளே பளிச்சென்று ஆரஞ்சுச் சிவப்பு தெரியும். சாயம் பூசிய மரம் இதற்கு நேர்மாறு: மேலே பளபளப்பு, உள்ளே வெளுப்பு. நெடுநாளாக வெளிச்சத்தில் கிடந்தும் நிறம் மாறாத பலகையைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, தூளைத் துடைத்துவிட்டு ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். படாக்கின் சாயம் ஸ்பிரிட்டில் கரைவது போலத் தண்ணீரில் கரையாது. துணி நன்றாகச் சிவந்தால் அது பூச்சுச் சாயம்.

மூன்றாவது, செம்மரம் என்று சொல்லி யாராவது சிவப்புக் கட்டையைத் தந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். செம்மரம் தண்ணீரைவிடக் கனம், மூழ்கும். காய்ந்த படாக் மிதக்கும். செம்மரமாகவே இருந்தால் உரிய அரசு அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். மலிவு என்று வாங்கிப் போலீஸ், வனத்துறை என்று அலைவது வணிகருக்கு அழகல்ல.

நான்காவது, பில்லில் மரத்தின் பெயர், எந்த நாட்டு மரம், எத்தனை கன அடி என்று எழுதி வாங்குங்கள். ஆப்பிரிக்கப் படாக் 2022-இல் பனாமாவில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2023 பிப்ரவரி முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்பின் கட்டையாகவோ பலகையாகவோ நாடு விட்டு நாடு வர அனுமதிப் பத்திரம் வேண்டும். முறையாக இறக்குமதி செய்தவரிடம் அந்தப் பத்திரம் இருக்கும். கேட்டால் காட்டுவார். காட்டத் தயங்குகிறவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

நிறைவாக

மிளகாய்த்தூள் அளவுக்கு மீறிச் சிவந்திருந்தால் அதில் சாயம் இருக்குமோ என்று முகர்ந்தும் கரைத்தும் பார்க்கிற கண் நம்முடையது. பருப்பைக் கையில் அள்ளியவுடனே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்கிற அனுபவம் நமக்கு உண்டு. அந்தக் கண்ணையும் அனுபவத்தையும் மரவாடி வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியதில்லை. உறுதிக்காகவும் உழைப்புக்காகவும் படாக் வாங்குங்கள். கொடுத்த காசுக்கு அது குறை வைக்காது. நிறத்துக்காக மட்டும் என்றால் அந்தப் பணத்தைச் சரக்கில் போடுங்கள். எதை வாங்கினாலும் பெயர் எழுதிய பில்லோடு வாங்குங்கள்.