உங்களுக்குத் தெரியுமா? கிரென்ஃபெல் கோபுரம்

லண்டனின் பெரும் பணக்காரப் பகுதிகளில் ஒன்று கென்சிங்டன். அங்கேதான் உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தமான கிரென்ஃபெல் கோபுரம் என்ற 24 மாடிக் குடியிருப்பு நின்றது. 2017 ஜூன் 14 நள்ளிரவு தாண்டி, நான்காம் மாடி வீட்டுச் சமையலறையில் ஒரு ஃபிரிட்ஜில் பற்றிய தீ, வெளிச்சுவரில் ஏறி அரை மணி நேரம் சொச்சத்தில் உச்சியைத் தொட்டது. 72 பேர் இறந்தார்கள்.

சுவரில் ஒட்டியிருந்தவை நடுவில் பாலிஎத்திலீன் வைத்த அலுமினியத் தகடுகள். பாலிஎத்திலீன் எளிதில் எரியும் பிளாஸ்டிக். முதலில் திட்டமிட்டது துத்தநாகத் தகடு. அதை மாற்றியதில் மிச்சமானது சுமார் 3 லட்சம் பவுண்டு. 72 உயிர்களுக்கு முன்னால் இது என்ன பணம்!

“வெளியே வராதீர்கள், வீட்டுக்குள்ளேயே இருங்கள்” என்ற அறிவுரையைத் தீயணைப்புத் துறை கைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் ஆனது. நம்பி உள்ளே காத்திருந்த பலர் பிழைக்கவில்லை.

குடியிருப்போர் சும்மா இருக்கவில்லை. பெரும் உயிர்ச்சேதம் நடந்தால்தான் நிர்வாகம் கண் திறக்கும் என்று 2016 நவம்பரிலேயே எழுதி வெளியிட்டிருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வந்தது. அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றது. அரசு, உள்ளாட்சி மன்றம், தகடு தயாரித்த நிறுவனங்கள் என எல்லோர் மீதும் குற்றம் கண்டது. அதுவரை அந்த மரணங்களுக்காக ஒருவர் மீதும் குற்ற வழக்கு பதிவாகவில்லை.