ஒரு நாவலும் ஊராரின் அபிப்பிராயங்களும்

ஒரு கதைப் புத்தகம் வீட்டுக்குள் வந்தால் அது ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. மகள் வாசித்து முடித்ததும் உம்மா எடுப்பார். பிறகு ராத்தா கேட்பார், அடுத்த வீட்டு மச்சி இரவல் வாங்கிப் போவார். ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்காது. குசினியிலும் கல்யாண வீட்டிலும் நடக்கும் இந்தப் பேச்சை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் எழுத்தாளர் அதை எழுதி வைத்தார். அவருடைய தம்பி அடக்கம் செய்யப்பட்டிருப்பது எமது திருகோணமலையில் என்பது நம்மிற் பலருக்குத் தெரியாது.

அந்தப் பெண்மணி இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேன் ஒஸ்டின் (1775 - 1817). தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின் பிரித்தானியக் கடற்படையில் உயர்ந்து, 1850இல் கிழக்கிந்திய, சீனக் கடற்பகுதிகளின் தளபதியானார். இரண்டாம் பர்மிய யுத்தத்தின்போது, 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி ஐராவதி நதியில் கப்பலிலேயே கொலராவினால் இறந்தார். வயது 73. அவருடைய கல்லறை துறைமுக நகரான எமது ஊரில் இருக்கிறது.

கதை என்ன?

1815 டிசம்பரில் வெளிவந்த 'எம்மா' ஒரு சிற்றூர்க் குடும்பக் கதை. தாயை இழந்த செல்வந்தப் பெண் எம்மா, நோய்ப் பயம் பிடித்த வாப்பாவைக் கவனித்துக்கொண்டு வாழ்கிறாள். ஊரிலுள்ளவர்களுக்குச் சோடி சேர்த்து வைப்பதில் அவளுக்குப் பெரும் ஆசை. நல்ல விவசாயி ஒருவன் தன் தோழியைப் பெண் கேட்டபோது, அந்தஸ்துக் குறைவென்று அதைத் தட்டிக்கழிக்க வைக்கிறாள். உல்லாசப் பயணம் ஒன்றில், ஏழ்மையில் வாடும் மணமாகாத முதிய பெண்ணான மிஸ் பேட்ஸைப் பலர் முன்னிலையிற் கேலி செய்கிறாள். குடும்ப நண்பர் நைட்லி அதைக் கண்டிக்கிறார். வெட்கித் தலைகுனிந்த எம்மா மறுநாட் காலையே அந்த ஏழையின் வீட்டுக்குச் செல்கிறாள்.

இறுதியில் எம்மாவை மணக்கும் நைட்லி, அவள் தந்தையைத் தனியே விடமுடியாது என்பதற்காகத் தமது பெரிய வீட்டை விட்டு மனைவி வீட்டில் வாழ வருகிறார். ஆங்கிலேயருக்கு இது புதுமை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழமையான கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கோ இதில் வியப்பு எதுவுமில்லை!

யார் என்ன சொன்னார்கள்?

நாவல் வெளிவந்ததும் உறவினரும் அயலவரும் சொன்னவற்றைச் சொன்னவரின் பெயருடன் ஜேன் தம் கைப்படக் குறித்துக்கொண்டார். ஒரு செய்தி வந்தால் யார் சொன்னது என்று முதலிற் கேட்கும்படி எமது அரபுக் கல்லூரிகளில் பழக்குவார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தாலும் இந்தப் பட்டியல் நேர்த்தியானது. அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது.

தம்பி சார்ள்ஸ் ஒரே கடற்பயணத்தில் மூன்று தடவை வாசித்து, தமக்கு மிக விருப்பமான முந்திய நாவலைவிட இதுவே மேல் என்று எழுதினார். பெற்ற தாயோ முந்திய நாவல் அளவுக்கு இது சுவைக்கவில்லை என்றார். அண்ணன் மகள் ஃபெனிக்கு எம்மாவைச் சகிக்கவே முடியவில்லை. அயலவரான டிக்வீட் அம்மையார், எழுதியவரைத் தெரிந்திராவிட்டால் வாசித்து முடித்திருக்கவே மாட்டேன் என்றார். டிக்சன் என்ற பெண்மணிக்குக் கதையிலும் டிக்சன் தம்பதியர் வருவது பிடிக்கவில்லை. ஒருவர் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் வாசித்தார். சுவையில்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்களாம். எடின்பரோவின் பிரபல விமர்சகர் ஜெஃப்ரியையோ அதே புத்தகம் மூன்று இரவுகள் தூங்கவிடவில்லை.

ஷெரர் என்ற பாதிரியாருக்கு இந்த எழுத்தாளர் பாதிரிமாரைச் சித்திரிக்கும் விதத்தில் மனக்குறை. 'எம்மா'வில் வரும் பாதிரி பணக்காரப் பெண் தேடும் சுயநலக்காரர். ஜேனின் தந்தையும் மூத்த சகோதரரும் பாதிரிமாரே. தாம் உள்ளிருந்து கண்டதையே அவர் எழுதினார். எமது உலமாக்களும் இதைச் சிந்திக்க வேண்டும். கதையிற் குறையுள்ள ஓர் ஆலிம் வந்துவிட்டால் மார்க்கமே தாக்கப்பட்டதாகிவிடாது.

"இது யாரைப் பற்றியது?"

பட்டியலில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது ஹெரிஸ் என்ற பெண்ணின் கருத்து. கதையில் வரும் மிஸ் பேட்ஸும் அவளது தாயும் தமக்குத் தெரிந்த இன்னாரேதான் என்று அவர் உறுதியாக நம்பினார். அப்படிப்பட்டவர்களைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்று ஜேன் குறித்து வைத்தார்.

சகோதரிகளே! இந்த நோய் நம் ஊர்களிலும் இருக்கிறது. ஒரு பெண் பத்திரிகையில் கதை எழுதினால் முதலில் எழும் கேள்வி, "இது யாருடைய வீட்டுக் கதை?" என்பதே. மாமியார் கொடுமையைப் பற்றி எழுதினால் அவளுடைய மாமியாரைப் பார்க்கிறோம். காதலைப் பற்றி எழுதினால் அவளையே சந்தேகிக்கிறோம். நன்றாகக் கதை எழுதும் மாணவிகளிடம் ஏன் பத்திரிகைக்கு அனுப்பவில்லை என்று கேட்டால், "ஊரில் கதைப்பாங்க, ஹஸ்ரத்" என்பதுதான் பதில். அதிகமான சந்தேகத்தையும் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் சூரத்துல் ஹுஜுராத் ஒரே வசனத்திலேயே தடுக்கிறது. கற்பனைப் பாத்திரத்துக்கு உயிருள்ள ஒருவரின் பெயரைச் சூட்டி ஊரெல்லாம் பேசுவதும் இந்தத் தடையை மீறுவதுதானே?

நாவல் நமக்கு அந்நியமல்ல. 1885இல் 'அசன்பே' கதையை எழுதியவர் அறிஞர் சித்தி லெப்பை. திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பி 1891இலும், சரவணமுத்துப்பிள்ளை 1895இலும் நாவல்களை வெளியிட்டனர். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் என்ற முஸ்லிம் பெண் 1938இலேயே 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். அவருக்குப் பின் எத்தனை பேனாக்கள் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி மூடிவைக்கப்பட்டனவோ!

ஆகவே, ஒரு குடும்ப நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்லுமுன் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முழுவதையும் வாசித்துவிட்டுப் பேசுங்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த இடம், ஏன் என்று சொல்லுங்கள். பாத்திரம் நல்லவளா என்பதோடு நில்லாமல், பிழையை உணர்ந்து அவள் திருந்தினாளா என்றும் பாருங்கள்.

மகள்மாருடன் அமர்ந்து வாசிப்பது இன்னும் சிறந்தது. "எம்மா செய்தது சரியா?" என்று கேட்டுப் பாருங்கள். தன் விருப்பம் பற்றி நேரடியாகக் கேட்டால் வாய் திறக்காத மகள், கதையிலுள்ள பெண்ணைப் பற்றித் தாராளமாகப் பேசுவாள். திருமணம், அந்தஸ்து, ஏழையை மதித்தல் ஆகியவற்றில் அவள் மனம் எங்கே நிற்கிறதென்று உம்மாவுக்கு அப்போது விளங்கும். மாப்பிள்ளை பேசத் தொடங்கிய பின் கேட்பதைவிட அதற்கு முன்பே அறிந்துகொள்வது நல்லதல்லவா?