உந்துபடகும் கோவைப் பட்டறைகளும்

நீர்ப்பாசன எஞ்சினியர் ஸர் ஆர்தர் காட்டன் 1878-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் எடுத்துரைத்த நீர்வழித் திட்டத்தில், பொன்னானியிலிருந்து பாலக்காடு, கோயம்புத்தூர் வழியாக ஒரு மார்க்கமும் அடங்கியிருந்தது என்பதை நம்மவரில் அநேகர் அறியார். ரயில் பாதையையே பெரிதென மதித்த சர்க்கார் அதை ஏற்கவில்லை. ஆயினும், 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்த தேசிய நீர்வழிகளுள் பவானியும் காவிரி–கொள்ளிடமும் சேர்ந்திருப்பதால், அந்தப் பழைய விஷயம் மீண்டும் ஆலோசனைக்கு உரியதாகிறது.

சட்டத்தால் ஆற்றில் ஆழம் உண்டாகிவிடாது. கதவணை தேக்கிய காவிரி நீரில் பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே ஆட்களையும் இருசக்கர வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் விசைப்படகுகளே, இங்கே எவ்வளவு சிறிய கலம் தேவை என்பதைக் காட்டுகின்றன.

அத்தகைய சிறு கலத்தைக் கொண்டே சரக்கையும் கொண்டுசெல்லலாம்: எஞ்சினில்லாத பார்ஜில் பாரத்தை ஏற்றி, அதை உந்துபடகால் தள்ளிச் செல்வதே வழி. பார்ஜைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றால், அது வளைவுதோறும் தன்னிச்சையாய் அலைவதோடு, இழுக்கும் படகின் விசிறி பின்னுக்குத் தள்ளும் நீரும் அதன் முகத்திலேயே மோதி எஞ்சினின் உழைப்பில் ஒரு பகுதியை விரயமாக்கும். உந்துபடகோ, சதுரமான தன் முகப்பில் நிறுத்திய இரண்டு எஃகு முட்டுகளைப் பார்ஜின் பின்புறத்தில் பொருத்தி, இருபக்கமும் கம்பிவடங்களை விஞ்சினால் தளர்வின்றி இறுக்கிக்கொள்வதால், இரண்டும் ஒரே கலமாகிச் சுக்கானுக்குக் கட்டுப்படுகின்றன. ஆழம் குறைந்த நீருக்கென அடித்தட்டைக் குடைந்து, அந்தக் குடைவுக்குள் விசிறியை உயர்த்தி வைப்பதும் உண்டு. சரக்கு இறங்கும்வரை எஞ்சின் காத்துக் கிடக்க வேண்டுவதில்லை. பார்ஜைக் கரையில் விட்டு, அடுத்ததைத் தள்ளப் போகலாம். இதுவே தலையாய லாபம் என்பது என் அபிப்பிராயம்.

மிஸிஸிப்பி தீரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கைக்கொண்ட இம்முறை, ரைன் நதியில் இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின்னரே வேரூன்றியது. அந்த யுத்தகாலத்தில், பகுதி பகுதியாக அனுப்பி நீர்க்கரையில் பூட்டத்தக்க ‘ஸீ மியூல்’ என்னும் சிறு படகுகளைச் செய்து கொடுத்தது கப்பல் கட்டும் துறையன்று, கிரைஸ்லர் மோட்டார் கம்பெனி. 1937-இல் ஜி. டி. நாயுடு மின்மோட்டார் செய்துகாட்டிய கோவை, பம்புக்கு இம்பெல்லர் வார்த்துப் பழகிய பவுண்டரிகள் நிறைந்த ஊர், உந்துபடகைச் செய்ய இயலாதென்று நான் ஒப்பமாட்டேன்.

வாங்குவோரும் தொலைவில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கொல்லம் முதல் கோட்டப்புரம் வரை செல்லும் மேற்குக் கடற்கரைக் கால்வாய் 1993-இலேயே தேசிய நீர்வழியாயிற்று. பீளமேட்டிலும் கணபதியிலும் பட்டறை நடத்தும் அன்பர்கள் சிறியதாய் ஓர் உந்துபடகைச் செய்து, முதலில் அந்தக் கால்வாயில் ஓட்டிப் பார்த்து, பிறகு நம் கதவணை நீருக்குக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.