ஒரே மாங்கனி, சொன்னவர் வேறு, கதை வேறு!

காரைக்கால் கடலோரத்தில் உள்ள மீனவர் ஊர், மண்டபத்தூர்.

படகு கடலுக்குள் போகிறது. கரையில் நிற்கும் மனைவியின் கண்ணுக்குப் படகு சிறுத்துக்கொண்டே போகும். கடைசியில் ஒரு கடுகு. படகில் இருக்கும் கணவனின் கண்ணுக்கோ, கரையும் தென்னையும் வீடும் சிறுத்துக்கொண்டே போகும். அவனுக்கு ஊர்தான் கடுகு!

புறப்பாடு ஒன்றுதான். பார்த்த கண்கள்தான் இரண்டு. இருவரையும் தனித்தனியே உட்கார வைத்து, “என்ன நடந்தது?” என்று கேட்டால், இரண்டு கதைகள் கிடைக்கும்.

இதே காரைக்கால் கடற்கரையில், ஒரு கணவன் மனைவியை விட்டுக் கப்பல் ஏறிப் போன கதை ஒன்று உண்டு. காரைக்கால் அம்மையார் கதை. அந்தக் கதையை யார் யார், எந்த இடத்தில் நின்று சொன்னார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

இரண்டு கனிகள்

அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. வணிகர் குலம். தந்தை பெயர் தனதத்தன். கணவன் பெயர் பரமதத்தன்.

ஒரு நாள் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினான். பசியோடு வந்த சிவனடியார் ஒருவருக்கு, சோற்றுடன் ஒரு கனியைக் கொடுத்துவிட்டார் புனிதவதியார். பகலில் கணவன் சாப்பிட வந்தான். மீதிக் கனியை இலையில் வைத்தார். ருசியாக இருந்தது. “இன்னொன்றையும் கொண்டு வா” என்றான்.

என்ன செய்வார்? உள்ளே போய் இறைவனை நினைத்தார். கையில் ஒரு கனி வந்தது. அதைத் தின்ற பரமதத்தனுக்குச் சந்தேகம். முதல் கனிக்கும் இதற்கும் ருசி ஏணி வைத்தாலும் எட்டாது. “இது ஏது?” என்று கேட்டான்.

உண்மையைச் சொன்னார். அவன் நம்பவில்லை. “அப்படியானால் இன்னொரு கனி வரவழை” என்றான். மறுபடியும் கனி வந்தது. அவன் கையில் வாங்கினான். கனி மறைந்துவிட்டது!

உள்ளத்துக்குள் நுழைந்தவர்

இப்படி நமக்குச் சொன்னவர் சேக்கிழார். பெரிய புராணம் பாடியவர். காலம் 12-ம் நூற்றாண்டு. அம்மையார் வாழ்ந்ததோ சுமார் 6-ம் நூற்றாண்டு என்பார்கள். இடையில் ஏறக்குறைய 600 ஆண்டுகள்!

சேக்கிழார் எங்கே நின்று கதை சொல்கிறார்? ஓர் இடத்தில் நிற்பதில்லை. எல்லா இடத்திலும் நிற்கிறார்.

“இது ஏது?” என்று கணவன் கேட்டதும், புனிதவதியாரின் நெஞ்சுக்குள் நுழைந்து விடுகிறார். இறைவன் அருளை வெளியே சொல்வது சரியா? கட்டிய கணவனிடம் மறைப்பது சரியா? இந்தத் தவிப்பு நமக்குத் தெரிகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் பரமதத்தனுக்குத் தெரியாது.

கனி மறைந்ததும் கதை தாவி விடுகிறது. இப்போது பரமதத்தனின் நெஞ்சு. இவள் பெண் அல்ல, தெய்வம் என்று அவன் நடுங்குகிறான். அவன் பயம் நமக்குத் தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் புனிதவதியாருக்குத் தெரியாது.

எல்லாம் தெரிந்தவராக இருந்து கதை சொல்வதன் பலம் இதுதான். அதனால்தான், மனைவியை விட்டுப் போன பரமதத்தனைப் படிப்பவர்கள் அவ்வளவாகத் திட்டுவதில்லை. அவன் பயத்தைச் சேக்கிழார் காட்டிவிட்டார்.

அடுத்து அவன் கப்பல் ஏறுகிறான். கதையும் கூடவே கப்பல் ஏறுகிறது! வாணிபம் செய்கிறான், பாண்டிய நாட்டு ஊர் ஒன்றில் இறங்குகிறான், வேறொரு பெண்ணை மணக்கிறான், பெண் குழந்தை பிறக்கிறது, அதற்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். எல்லாம் நமக்குத் தெரியும். காரைக்காலில் வீட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் மனைவிக்கு மட்டும் எதுவும் தெரியாது.

இதையே புனிதவதியார் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொல்லியிருந்தால்? கப்பல் போனது தெரியும். பிறகு வெறும் கடல்தான். அந்த ஆண்டுகள் முழுவதும் கதையில் ஒரே இருட்டாக இருந்திருக்கும். படிப்பவரும் அவரோடு சேர்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

அம்மையாரே சொன்னது

நல்ல வேளையாக அம்மையாரின் சொந்தக் குரலும் கிடைத்திருக்கிறது. அவர் பாடிய அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியவை பதினோராம் திருமுறையில் உள்ளன.

அதில் மாங்கனி எங்கே? கிடையாது! கணவன்? கிடையாது! கப்பலும் இல்லை, பாண்டிய நாடும் இல்லை.

அவர் காட்டுவது திருவாலங்காட்டுச் சுடுகாடு. எரியும் நெருப்பு, நள்ளிரவு, சதை வற்றி எலும்பும் நரம்புமாக அலறும் பெண்பேய், நடுவே ஆடும் இறைவன். தம் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘காரைக்கால் பேய்’ என்று சொல்லிக்கொள்கிறார்.

ஊரார் கண்ணுக்கு அவர், கணவன் கைவிட்ட பெண். அழகை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். அவர் கண்ணுக்கோ கைவிட்டவன் என்று ஒருவனே இல்லை. வீடு போனதே என்ற புலம்பல் ஒரு சொல்கூட இல்லை. வாழ்க்கையிலே எது பெரியது என்று அவர் நினைத்தாரோ, அதை மட்டும் சொன்னார்.

சுந்தரரோ, அடியார்களை வரிசையாகப் போற்றும்போது ‘பேயார்’ என்ற ஒரே சொல்லில் அம்மையாரைச் சொல்லி விடுகிறார். முழுக்கதை நமக்குச் சேக்கிழார் வழியாகத்தான் வந்தது.

தமிழுக்குப் புதிதா?

யார் சொல்வது என்ற கேள்வி மேல்நாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. தப்பு! தொல்காப்பியத்திலேயே ‘கூற்று’ என்று இதற்குப் பெயர். தலைவி எப்போது பேசலாம், தோழி எப்போது, செவிலித்தாய் எப்போது என்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். குறுந்தொகையில் காதல் பாட்டுகளைப் புலவர் தம் குரலில் பாடவில்லை. பாத்திரங்களையே பேச விட்டார்.

சினிமாவிலும் பார்த்திருக்கிறோம். ஜப்பானில் 1950-ல் ‘ராஷோமான்’ வந்தது. நடந்த ஒரு கொலையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். தமிழில் 1954-ல் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ வந்தது. சிவாஜி கணேசன் சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரணையில் ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவர் வேறு வேறு மனிதராகத் தெரிகிறார். படத்தில் ஒரு பாட்டுக்கூட கிடையாது!

அம்மையார் கதையையும் 1973-ல் ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். அம்மையாராக கே. பி. சுந்தராம்பாள் பாடியதைக் கேட்டவர்களுக்கு, அம்மையாரின் குரல் என்றாலே அந்தக் குரல்தான்.

பேசாத சிறுமி

இந்தக் கதையில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள். பரமதத்தனின் மகள், சின்னப் புனிதவதி.

உறவினர்கள் அம்மையாரைப் பல்லக்கில் ஏற்றிப் பாண்டிய நாட்டுக்கு அழைத்து வருகிறார்கள். பரமதத்தன் புது மனைவியோடும் மகளோடும் எதிரே வந்து, அம்மையாரின் காலில் விழுகிறான். தன் பெயரையே கொண்ட ஒரு பெண்ணின் காலில் அப்பா விழுகிறார். அந்தக் குழந்தைக்கு என்ன புரிந்திருக்கும்? பக்கத்தில் நின்ற அவள் தாய்க்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும்? சேக்கிழார் அங்கே நுழையவில்லை. வீட்டில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பாட்டிமார், ஒரு நாள் இந்தச் சிறுமியின் வாயால் சொல்லிப் பார்க்கலாம்.

வீசும் கனி

காரைக்காலில் ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கிறது. புனிதவதியார் கல்யாணம் நடக்கும். சிவபெருமான் பிச்சை கேட்கும் கோலத்தில் வீதிவலம் வருவார். அப்போது மாடிகளிலிருந்து ஜனங்கள் மாங்கனிகளை வீசுவார்கள். கீழே ஆயிரக்கணக்கான கைகள் நீளும்.

அங்கே கதை சொல்பவர் என்று தனியாக ஒருவர் இல்லை. கதையில் பரமதத்தன் கைக்கு வந்து மறைந்த கனி, அன்று கூட்டத்தில் நிற்பவர் கையில் விழுகிறது. பிள்ளை வரம் வேண்டி வந்தவர்கள் அதை முந்தானையில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.