வெறும் பாத்திரம் திரும்புவதில்லை

பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மாள் கிண்ணத்தில் டோக்ளா கொடுத்தனுப்பினால், அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தர நம் வீட்டுப் பெண்களுக்கு மனம் வருவதில்லை. நாலு முறுக்கு, அதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். கொடுத்த அந்த அம்மாளுக்கும் இதே வழக்கம் உண்டு. மொழி வேறு, ஊர் வேறு. மனம் மட்டும் ஒன்றாக இருக்கிறது. பெற்றதற்குத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்ற இந்த உந்துதலைக் கைம்மாறு விதி எனலாம். ஏறக்குறைய எல்லாச் சமூகங்களிலும் இது உண்டு என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆல்வின் கூல்ட்னர் 1960-இல் எழுதினார்.

இதன் வலுவைக் காட்டிய ஒரு சோதனை சுவையானது. 1971-இல் டென்னிஸ் ரீகன் என்ற உளவியலாளர் அதை வெளியிட்டார். ஓவியங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும் என்று சொல்லி மாணவர்களை அழைத்தார். ஒவ்வொரு மாணவருடனும் இன்னொருவர் இருப்பார். அவர் உண்மையில் ரீகனின் ஆள். இடைவேளையில் இந்த ஆள் வெளியே போய், சிலரிடம் இரண்டு கோகோ கோலாவுடன் திரும்பி, "உங்களுக்கும் ஒன்று வாங்கினேன்" என்று நீட்டினார். வேறு சிலரிடம் வெறுங்கையோடு வந்தார். பிறகு எல்லோரிடமும், "பரிசுச் சீட்டு விற்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். கோலா குடித்தவர்கள் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு சீட்டு வாங்கினார்கள். அந்நாளில் கோலா 10 சென்ட். சீட்டு ஒன்று 25 சென்ட்! இன்னொரு வியப்பு: அந்த ஆளைப் பிடிக்காதவர்களும் கோலா குடித்திருந்தால் சீட்டு வாங்கினார்கள். பிடித்தம் தோற்றது, கடன் வென்றது.

இந்த உந்துதல் இல்லாவிட்டால் மனிதர் கூடி வாழ்ந்திருக்க முடியாது. இன்று என் வேட்டையில் உனக்குப் பங்கு, நாளை உன்னுடையதில் எனக்கு என்ற நம்பிக்கையில்தான் குழுக்கள் பிழைத்தன. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நடக்கும் மொய் விருந்து இதையே நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த ஏற்பாடு அல்லவா?

கடைக்காரருக்கும் இது தெரியும். "இலவசப் பரிசு காத்திருக்கிறது, தம்பதியாக வாருங்கள்" என்று அழைத்து, தேநீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து விடுமுறைத் திட்டம் விற்பவர்களை நகரவாசிகள் நாம் அறிவோம். கையெழுத்துப் போடாமல் எழுந்து வரக் கூச்சமாக இருக்கிறதே, அந்தக் கூச்சம்தான் அவர்களின் முதல். இதற்கு ராபர்ட் சியால்டினி 1984-இல் வெளியான தம் நூலில் எளிய மருந்து சொன்னார். வந்தது அன்பளிப்பு அல்ல, விற்பனை உத்தி என்று தெரிந்த கணமே அதன் பெயரை மனத்துக்குள் மாற்றிவிடுங்கள். உத்திக்கு யாரும் கடன்பட மாட்டார்கள்.

கடன்படக் கூடாது என்பதே கொள்கையாகிவிட்டால் வேறொரு தொல்லை வருகிறது. ஊர்விட்டு ஊர் வந்த நம்மில் பலர், "யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது" என்று அடுத்த வீட்டாரிடம் எதுவுமே கேட்பதில்லை. அவர்களும் கேட்பதில்லை. பத்து வருஷம் கழிந்தும் மாடிப்படியில் தலையசைப்புதான் மிச்சம். நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் யார் கதவைத் தட்டுவது?

பெஞ்சமின் பிராங்க்ளின் தம் வரலாற்று நூலில் ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். சட்டமன்றத்தில் தம்மை எதிர்த்த ஒருவரிடம் அரிய புத்தகம் ஒன்று இருப்பதை அறிந்து, சில நாள் இரவல் கேட்டார். உடனே வந்தது. ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்புடன் திருப்பினார். அடுத்த சந்திப்பில் அந்த மனிதர் முதல்முறையாக வலிய வந்து பேசினாராம். நட்பு சாகும்வரை நீடித்தது. உதவி செய்தவன் மனம், "இவனுக்கு உதவினேன் என்றால் இவன் எனக்கு வேண்டியவன்தான்" என்று தன்னைச் சரிசெய்துகொள்வதாக உளவியலார் விளக்குவர்.

புது வீட்டுக்குக் குடிபோகும் நம்மவர்கள் அரிய புத்தகம் தேட வேண்டியதில்லை. முதல் நாள் பால் காய்ச்சியதும், எதிர் வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் கேட்கலாம். கிண்ணத்தைத் திருப்பும்போது என்ன போடுவது என்று யோசித்துக்கொள்ள ஓர் இரவு இருக்கிறது.