வலையறுத்து உயிர் காத்தோர்

வனவுயிர்களைக் காத்தல் அரசாங்கத்தின் கடமையென்றே பலருங் கருதுவர். சட்டமியற்றுதலும் அதனை மீறுவோரைத் தண்டித்தலும் அரசாங்கத்துக்கு இயல்வனவே. ஆயின், காக்கப்படும் உயிரினால் ஓர் ஏழைக் குடும்பத்தின் பிழைப்புக்கு இழப்பு நேருமாயின் அவ்விழப்பை ஏற்பவர் யாவர்? இவ்வினாவுக்கு விடை கூறாத சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். இந்தியாவின் குஜராத் மாநிலத்திலே, சௌராஷ்டிரக் கரையில் நிகழ்ந்த ஒரு முயற்சியைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

திமிங்கிலச் சுறா, பெயரில் திமிங்கிலத்தைக் கொண்டிருப்பினும், இனத்தால் மீனே. உலகிலுள்ள மீன்களுள் மிகப் பெரிய இது 12 மீற்றருக்கு மேலும் வளரவல்லது. இத்துணைப் பேருடல் படைத்திருந்தும் மனிதரைத் தாக்கி உண்பதில்லை. நீரை வாயினுட்கொண்டு, அதிலுள்ள மிதவை நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடித்துண்டு வாழ்கின்றது. இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் இது காணப்படுவதுண்டு. இனம்பெருக்கும் பருவத்தை எய்த இதற்குப் பல்லாண்டுகள் செல்லுமாதலின், வேட்டை மிகுந்தால் இதன் இனம் விரைவிற் குன்றிவிடும்.

வேராவல் முதலிய துறைகளைச் சார்ந்த மீனவர், மரப்படகுகளில் நீர் ஊறாவண்ணம் இதன் ஈரலெண்ணெயைப் பூசிவந்தனர். கொளுக்கியோடு பீப்பாய்களைப் பிணைத்து, மீன் அவற்றை இழுத்துக் களைக்கும்வரை விட்டுப் பிடித்தல் அவர்தம் முறை. அதனால் இம்மீனுக்கே பீப்பாய் எனப் பொருள்படும் 'பாரல்' என்ற பெயர் அங்கு வழங்கிற்று. 1990ஆம் ஆண்டுகளில் இதன் இறைச்சிக்குப் பிறநாட்டுச் சந்தை வாய்க்கவே வேட்டை பெருகிற்று. மைக் பாண்டே என்பார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட விவரணப்படம் இக்கொடுமையை உலகறியச் செய்தது. 2001ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இம்மீனைச் சேர்த்துக்கொண்டது.

வேட்டை சட்டவிரோதமாயிற்று, எனினும் சிக்கல் முற்றுந் தீரவில்லை. ஏனைய மீன்களுக்கென விரித்த வலையில் இது தானே வந்து அகப்படும். உயிரோடு விடுவித்தற்கு வலையை அறுத்தல் வேண்டும். வலையே மீனவனின் முதல். அதனை அறுப்பின் அன்றைய வருவாயும் பின்வரும் நாள்களின் வருவாயும் ஒருங்கே போய்விடும்.

இந்நிலையில், 2004ஆம் ஆண்டில் இந்திய வனவுயிர் அறக்கட்டளை, மாநில வனத் திணைக்களத்தோடும் டாட்டா கெமிக்கல்ஸ் என்னும் இரசாயனக் கம்பனியோடும் கூடி ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அக்கம்பனி அதே கரையிலுள்ள மிதாப்பூரில் உப்பும் சோடாவும் உற்பத்தி செய்வது. கடலாற் பயன்பெறுவோர் கடலுயிரைக் காக்கப் பொருளுதவுதலை ஈகை என்பதினும் கைம்மாறு என்பதே பொருத்தமாம்.

இராமகதைப் பிரசங்கியாராகிய மொராரி பாபு, இம்மீனை மகப்பேற்றுக்காகத் தாய்வீடு வரும் மகளுக்கு ஒப்பிட்டு மீனவரிடையே பேசினார். அன்புக்குரியவள் எனப் பொருள்படும் 'வ்ஹாலி' என்ற பெயரும் வழங்கலாயிற்று. இதே கருத்தை வீதி நாடகங்களும் ஊரூராய்ப் பரப்பின. தாய்வீடு வந்த மகளைத் துன்புறுத்த எவர்தாம் மனங்கொள்வர்?

எனினும், உருக்கமான சொல் மாத்திரம் வலையின் விலையைத் தந்துவிடாது. ஆதலின் அறுத்த வலைக்கு வனத் திணைக்களம் நட்டஈடு வழங்கலாயிற்று. தொடக்கத்தில் உத்தியோகத்தர் நேரிற்சென்று பார்வையிட வேண்டியிருந்தமையால், மீன் நெடுநேரம் வலையிற் கிடந்து வருந்தியது. பின்னர் மீனவர் கையிலேயே புகைப்படக் கருவிகள் கொடுக்கப்பட்டன. அவர்கள் வலையறுத்து மீனை விடுவிப்பதைத் தாமே படம்பிடித்துச் சான்றாகக் காட்டினர். மீனவரின் வாய்மையை நம்பியமையால் மீனும் விரைவில் விடுதலை பெற்றது. இவ்வியக்கத்தின் பயனாக 900க்கும் மேற்பட்ட திமிங்கிலச் சுறாக்கள் மீண்டுங் கடலுட் புகுந்துள்ளன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? அரசாங்கம் சட்டத்தையும் நட்டஈட்டையும், வணிகர் பொருளையும், சான்றோர் சொல்லையும், மீனவர் தம் உழைப்பையும் அளித்தனர். இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் முயற்சி முற்றுப்பெற்றிராது. ஆயினும், நடுக்கடலில் இரவு வேளையிற் காண்பாரின்றி நிற்கும்போது, வலையை அறுப்பதா, மீனை மாளவிடுவதா எனத் துணிபவன் மீனவன் ஒருவனே. வனவுயிர் காக்கச் சங்கம் அமைக்க விழையும் நம் மாணவர், இழப்பை ஏற்கப்போகின்றவர் யாவரென முதற்கண் உசாவி, அவர்தம் இல்லத்திலிருந்தே பணியைத் தொடங்குவாராக.